பச்சை முதலில் வந்த கொடி

செய்யாத தவறைத் தன்மேல் சுமத்தியபோது ஆரோக்கியசாமி மாஸ்டர் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்குப் பதில் தெரியாது. போன வாரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோதும் முதலில் எழுந்தது அந்தக் கேள்விதான்.

நெருப்பெரிச்சலில் இருந்த பனியன் கம்பெனியில் அவர் பிரிண்டிங் மாஸ்டர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் அங்கே வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அயர்லாந்துக் கொடி போட்ட பனியனுக்கு ஆர்டர் வந்தது. நெஞ்சில் நெட்டுக்குத்தாக மூன்று பட்டைகள்: பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. ஒப்புதலாகி வந்த சாம்பிளை முதலாளி எடுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க மாஸ்டர், கொடின்னா காவிதானுங்களே முதல்ல?”

“அது அவிங்க கொடிங்க. ஓகே ஆன சாம்பிள்ல கை வெக்க வேண்டாமுங்க.”

“எந்த நாடா இருந்தா என்னங்க, முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல? மாத்திப் போடுங்க.”

நானும் வேண்டாம் என்றேன். “நீங்க லெட்டரப் பாருங்கம்மா” என்றார் முதலாளி.

மாற்றிப் போட்டார்கள். அந்த வரிசையில் அது ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் கொடி. சரக்கு முழுக்கத் திரும்பியது. ஆட்கள் முன்னால் முதலாளி, “மாஸ்டர் கலர மாத்திப்போட்டுட்டாரு” என்றார். மாஸ்டர் தரையைப் பார்த்து நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அன்றே மாஸ்டருக்கு வேலை போனது. ‘கொடி மாஸ்டர்’ என்று ஊர் சிரித்தது. எந்தக் கம்பெனியும் சேர்க்காததால் குண்டடத்தில் கல்யாண மஞ்சப்பைகளுக்கு அச்சடித்துப் பிழைத்தார்.

அங்கே ஒருமுறை அவரைப் பார்க்கப் போனபோது அயர்லாந்துக் கொடியின் பொருளைச் சொன்னேன்: பச்சை கத்தோலிக்கர், ஆரஞ்சு புராட்டஸ்டன்ட், இருவருக்கும் நடுவே சமாதானத்துக்கு வெள்ளை. அவரும் கத்தோலிக்கர்தான், சிரித்தார்.

“நடுவுல நிக்கறது நல்ல வேலைதானுங்க. ஆனா ரெண்டு பக்கத்துச் சாயமும் வெள்ளை மேலதான் வழியும்.”

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வாக்கியம் மட்டும்.

அடக்கத்துக்கு முதலாளி பெரிய மாலையோடு வந்தார். “மாஸ்டர் செஞ்ச தப்ப நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேனுங்க” என்றார்.

“மாத்தச் சொன்னது நீங்கதானுங்க” என்றேன், கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையில்.

மறுநாள் காலை மாஸ்டரின் மருமகன் என் வீட்டுக்கு வந்தார். அதே முதலாளியின் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீங்க சொன்னது நெசந்தானுங்க, எங்களுக்கும் தெரியும். ஆனா முப்பதாம் நாள் பூசைக்கு நீங்க வர வேண்டாமுங்க. மொதலாளி வர்றாருங்க.”