பாலம் இல்லாத மூளை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில், மூளையின் இணைப்புகளைப் படமாக்கும் ஆராய்ச்சிக்கு நோயில்லாத ஆட்கள் தேவை என்று ஒரு டாக்டரம்மா சொன்னதும், முந்திக்கொண்டு தலையாட்டிவிட்டார். ஸ்கேன் அறையின் கனத்த கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நெடுநாள் ஆசை.

பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். காதடைப்பையும் மீறி இயந்திரம் தடதடவென்று இடித்தது. மூக்கு வேறு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

மறுநாள் டாக்டரம்மாவே போன் செய்து வரச் சொன்னார். போனால், திரையில் இரண்டு மூளைகள், வண்ண நூல்கண்டுகள் மாதிரி. மூளைக்குள் நீர் எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதை வைத்து நரம்பிழைகளின் தடத்தை வரைவார்களாம். வேறு ஒருவரின் படத்தில், இடது பாதியையும் வலது பாதியையும் இணைத்து நடுவே சிவப்பாக ஒரு பாலம். இவர் படத்தில் அந்த இடம் வெறுமை. இரு பக்கமும் பச்சைக் கற்றைகள் தடித்துக் கிடந்தன.

“ஏதாவது ஆபத்தாம்மா?”

“இல்ல சார். பொறக்கும்போதே இப்படித்தான். குறுக்கே போக வேண்டிய இழையெல்லாம் உங்களுக்கு நீளவாக்குல திரும்பிடுச்சு. இத நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்.” சந்தோஷத்தில் டாக்டரம்மாவின் குரல் நடுங்கியது.

கண்ணை மூடச் சொல்லி, இவருடைய இடது கையில் ஒரு விரலைத் தொட்டு, அதே விரலை வலது கையில் காட்டச் சொன்னார். மெக்கானிக் தப்புத் தப்பாகக் காட்டினார். ஒரு கையின் சேதி மறு கைக்குச் சுற்றுவழியாகத்தான் போகிறது என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் இரண்டு கையும் ஒத்துழைக்காமல் சட்டைப் பொத்தானை மாட்ட அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தாயில்லாத வீட்டில் அவரை வளர்த்த அக்கா, வேண்டுமென்றே அடம்பிடிக்கிறான் என்று தினமும் தலையில் குட்டித்தான் பள்ளிக்கு அனுப்புவாள்.

ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

“அப்போ நீ வேணும்னே பண்ணலையாடா?”

“இல்லக்கா.”

அக்கா அழுதாள். இவர் சிரித்தார், ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதான் நான் சொல்றது ஒரு காதுல ஏறி உங்க மண்டைக்குள்ள போய்ச் சேர ஒரு வாரம் ஆகுதா” என்றாள்.

இன்னும் நுணுக்கமாகப் படமெடுக்க மறுபடி கூப்பிட்டபோது அக்காவும் கூடவே கிளம்பிவிட்டாள். தன்னையும் படமெடுக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றாள். டாக்டரம்மாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. அக்காவின் படத்தில் சிவப்புப் பாலம் ஜம்மென்று இருந்தது. மெக்கானிக்குக்குத் துளியும் பொறாமை இல்லை. மற்ற டாக்டர்கள் எல்லாம் அவருடைய படத்தைத்தான் முண்டியடித்துப் பார்த்தார்கள். பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.