நெல்லுக்குள் சிக்கிய அந்தோணி

இன்று வில்லியனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க அந்த நெல்லு சாரு தானே? நான்தான் அந்தோணி."

எண்பதுகளில் நான் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன். குவிந்த தானியம் எப்போது சரியும், எப்போது இறுகி நிற்கும் என்பதுதான் என் ஆய்வு. அதை நேரில் பார்க்க பாகூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன்.

அன்றைக்கு, அடைத்துக்கொண்ட நெல்லைக் குத்திவிட, மில்லில் வேலை பார்த்த அந்தோணி நெல் கொட்டி வைக்கும் ஆழமான தொட்டிக்குள் இறங்கினார். நெல் வெளியேறும் அடிக்கதவு திறந்திருந்தது. நெல் சரிய, மார்பு வரை புதைந்துவிட்டார்.

"கவுத்தப் போட்டு இழுங்கடா!" என்று மேஸ்திரி கத்தினார்.

"இழுக்காதீங்க! நெல்லு இறுக்கிப் புடிச்சிருக்கு, இடுப்பு போயிடும். மொதல்ல கீழ்க் கதவ மூடுங்க!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

அந்தோணியைச் சுற்றிப் பலகைகளைச் செருகி, உள்ளேயிருந்த நெல்லை மட்டும் வாளியால் அள்ளினார்கள். நான் ஒரு பலகைமேல் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவர் அழுதார். நானும்தான்.

இன்று அதே கையால் என் தோளைத் தட்டினார். "எனக்கு ரெண்டு பேரப் புள்ளைங்க சார். இன்னா, உங்க ஆராய்ச்சி முடிஞ்சிதா?"

"பட்டம் வாங்கிட்டேன். ஆனா நெல்லு ஏன் அப்படி இறுகுதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியல."

அந்தோணி திகைத்துப்போனார். "அப்போ அன்னிக்கி தெரியாமயா சார் என்னைத் தூக்குனீங்க?"

நண்பர்களே, ஆய்வுப் பட்டத்துக்கான வைவாவில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. உங்களை?