பொட்டு வைத்த இறக்கை

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. மன்னார்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் என் வீட்டு வாசலில் மட்டும் அளவைக் கூட்டித்தான் ஊற்றுவார். பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தபோதும் இந்த வாய்தான். அதை விட்டுவிட்டு ட்ரோன் ஓட்டக் கற்றுத்தரும் மையத்துக்கு வந்தபோதும் இந்த வாய்தான். ஒரே ஒரு நாள் அது மூடிக்கொண்டது. அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மையம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி. கீழே பாத்திரக்கடை, மேலே எங்கள் வகுப்பு. பறக்கவிட்டுப் பழகுவது அங்கே இல்லை. தெற்கே விமான நிலையம் இருப்பதால் திருச்சியில் பாதி இடத்தில் ட்ரோனைத் தலைதூக்கவே விடமாட்டார்கள். கோவில் பக்கம் பேச்சே கிடையாது. அதனால் தினமும் காலையில் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போய், கருவேலத்தை அழித்துச் சமன் செய்த ஒரு பொட்டலில் இறங்குவோம். அங்கிருந்து ராஜகோபுரம் தெரியும். ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருத்தர் கேட்காமல் இருக்கமாட்டார்.

"மேடம், ஒரே ஒரு தடவை கோபுரத்தை மேலேர்ந்து வீடியோ எடுத்துட்டு வந்துடலாமா?"

"எடுங்களேன். ஜாமீனுக்கு ஆள் சொல்லி வச்சுட்டு எடுங்க" என்பேன்.

பயிற்சி ட்ரோனுக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார், அதன் மேல் ஒரு இறக்கை. புத்தகத்தில் புரொப்பெல்லர் என்று போட்டிருக்கும், எங்களுக்கு அது இறக்கைதான். கார்பனில் செய்தது. சுற்றும்போது விரல் பட்டால் விரல் உங்களுடையது இல்லை. அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பறக்கவிடும் முன் ஒவ்வொரு இறக்கையிலும் கட்டைவிரல் நகத்தை அடியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் நகத்தில் தட்டும். தட்டினால் இறக்கையைக் கழற்றி வீசிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். நகம் வைக்காமல் "செக் பண்ணிட்டேன் மேடம்" என்று எவராவது சொன்னால் தொலைந்தார்கள். அன்று முழுக்க என் வாயில்தான் அவர்கள் அரைபட வேண்டும்.

அந்த பேட்சில் எட்டுப் பேர். உறையூரிலிருந்து வந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர், இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் ஆறு பேர், அப்புறம் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வீட்டுப் பெண். வயது முப்பத்திரண்டு. தினமும் விடியும் முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள்.

அவள் வந்தது பொழுதுபோக்குக்கு இல்லை. பருத்திக்கு மருந்து அடிக்கும்போது அவள் புருஷன் வயலிலேயே நுரைதள்ளி விழுந்திருக்கிறார். பிழைத்தது பெரிய விஷயம். இனி டேங்கை முதுகில் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய மகளிர் குழுவுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன் ஒன்று வருவதாக இருந்தது. குழுவில் ஒருத்தியாவது பைலட் லைசென்ஸ் வாங்கினால்தான் கொடுப்பார்கள். பன்னிரண்டாவது வரை படித்தவள் இவள் ஒருத்திதான்.

"லைசென்ஸ் வந்தா ட்ரோன் வரும். ட்ரோன் வந்தா எங்க வீட்டுல யாரு முதுகுலயும் டேங்க் ஏறாது. அவ்வளவுதான் மேடம்" என்றாள் முதல் நாள்.

அந்த முதல் நாள் ரிமோட்டைக் கொடுத்தபோது அவள் அதை உடம்பிலிருந்து தள்ளி நுனிவிரலால் பிடித்தாள். "ஏம்மா, அது என்ன பாம்பா? நல்லாப் பிடி!" என்று கத்தினேன். செருப்போடு வந்ததற்கு, ஷூ எங்கே என்று கத்தினேன். முந்தானையைச் செருகாமல் நின்றதற்குக் கத்தினேன். அந்த இன்ஜினியரிங் பிள்ளைகள் ஒரு வார்த்தை திட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவள் சிரிப்பாள். "திட்டுங்க மேடம், திட்டினாத்தான் மண்டையில ஏறுது" என்பாள். ஐந்தாம் நாள் காற்றில் எட்டுப் போட்டாள் பாருங்கள், கோணல் இல்லாத எட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் "ம், பரவாயில்ல" என்றுதான் சொன்னேன். அதற்கே அவள் முகம் மலர்ந்துபோனது. இறக்கையில் நகம் வைத்துப் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நான் சொல்லாமலே இரண்டு தடவை பார்ப்பாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வேதக்கார வீட்டுப் பெண். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவைச் செயின் கிடக்கும். ஸ்ரீரங்கத்தில் வேலை பார்க்கிறோமே என்று நான் நினைத்ததும் இல்லை, அதுவரை யாரும் நினைக்க வைத்ததும் இல்லை. முந்தைய வருடம் புது ட்ரோன் வந்தபோது அதன் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார்கள். பறக்கும்போது அது ஊஞ்சலாடி ட்ரோனை இழுக்கும் என்று கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிப் போட்டேன். மையத்தின் முதலாளி சிரித்துக்கொண்டே, "மேடத்துக்கு நம்ம சம்பிரதாயமெல்லாம் ஒத்துவராது, விடுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்ட மனிதர் இல்லை, அந்த நிமிடமே மறந்திருப்பார். எனக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அதிலிருந்து பூ, பொட்டு, கற்பூரம் என்று எது வந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

ஆயுத பூஜை அன்று வகுப்பு அறையைக் கழுவி, பலகை போட்டு, ட்ரோனைத் துடைத்து வைத்தார்கள். பக்கத்தில் ரிமோட், பேட்டரி, ஸ்குரூடிரைவர், நான் எழுதுகிற மார்க்கர் பேனாகூட. சந்தனம் வைத்தது துறையூர்க்காரிதான். என்ன ஆசையாக வைத்தாள்! நான்கு கைகளிலும் வைத்தாள். ஒவ்வொரு இறக்கையும் மோட்டாரோடு சேரும் இடத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். "என் வீட்டுக்காரரைக் காப்பாத்தப் போற சாமி மேடம் இது" என்றாள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள் என்று, நல்ல நேரத்தில் எட்டுப் பேரும் தலைக்கு ஒரு தடவை பறக்கவிட வேண்டும் என்றார் முதலாளி. அடுத்த வாரம் லைசென்ஸ் பரீட்சை. பொட்டலில் கற்பூரம் காட்டினார்கள். முதலில் துறையூர்க்காரி விடட்டும், அவள் கைதான் சுத்தம் என்று நான்தான் சொன்னேன்.

அவள் ட்ரோன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, வழக்கம்போல் கட்டைவிரலை இறக்கையில் வைத்தாள். வைத்தவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், நகம் வச்சா பொட்டு பெயர்ந்து வருது. துடைச்சுட்டுப் பார்க்கவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தார்களா, எனக்கு அப்படித் தோன்றியதா, இன்றைக்கும் தெரியாது. முதலாளி கையில் இன்னும் கற்பூரத் தட்டு. நல்ல நாளில் மங்கலமாக வைத்த பொட்டை ஒரு சிலுவைக்காரி அழிக்கச் சொன்னாள் என்று ஆகிவிடுமே என்று என் மனசு முந்திக்கொண்டது.

"வேணாம், விடும்மா" என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நகம் வைக்காம எப்படி மேடம்…"

"விடுன்னு சொன்னேன்ல."

பறக்கவிடும் முன் நிரப்புகிற செக்லிஸ்ட் காகிதத்தில் இறக்கை என்ற கட்டத்தில் அவள் டிக் அடித்தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால், முப்பது அடி தள்ளிப் போய் நின்று ட்ரோனைக் கிளப்பினாள். ஆள் உயரம் எழும்பியது. டப்பென்று ஒரு சத்தம். ட்ரோன் ஒரு பக்கம் சரிந்து மண்ணில் விழுந்தது. நான் ஓடியது ட்ரோனைப் பார்க்க. பாவி நான், ட்ரோனைப் பார்க்க ஓடினேன்! பின்னால் யாரோ "ஐயோ அக்கா" என்று அலறிய பிறகுதான் திரும்பினேன்.

நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். இடது கையில் ரிமோட். வலது கையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், மோட்டாரை ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்ததில் அது முதல் பாடம். என்ன நடந்தாலும் முதலில் மோட்டாரை நிறுத்து, அப்புறம் உன்னைப் பார். அப்படியே செய்திருந்தாள்.

வேனில் போட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொள்ளிடம் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. முன்னால் நின்ற பஸ்ஸில் முதல் நாள் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "பரீட்சைக்குள்ள சரியாயிடும்ல மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆயிடும், ஆயிடும் என்றேன். ஆகவில்லை. கண் போய்விட்டது.

உடைந்த இறக்கையின் அடிப்பாகம் மோட்டாரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் திரும்பிப் போய் அந்தச் சந்தனத்தை நான் சுரண்டிப் பார்த்தேன். உடைந்த விளிம்பில் பாதி பளபளவென்று புதிது. மீதிப் பாதியில் பொட்டல் மண் அப்பியிருந்தது. மண் ஏறியிருந்தால் அது பழைய விரிசல். ஆயுத பூஜைக்கு முன்தினம் கடைசியாக இறக்கியவர் போட்டோகிராபர். பிடித்துக் கேட்டதும் தேம்பி அழுதுவிட்டார். இறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை தரையில் அடித்திருக்கிறது. "சொன்னா திட்டுவீங்கன்னு துடைச்சுப் பெட்டியில வச்சுட்டேன் மேடம்" என்றார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

முதலாளி அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அவங்களே செக் பண்ணதா டிக் போட்டிருக்காங்களே" என்றார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

"அதையெல்லாம் எழுத வேணாம் மேடம். உங்களுக்குத்தான் கஷ்டம்."

இரண்டாவது தடவை நான் வற்புறுத்தவில்லை. விபத்து அறிக்கையில் அவள் கவனக்குறைவு என்று போனது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கண் பரிசோதனையில் தேறாமல் லைசென்ஸ் கிடையாது. அவளுக்குப் பதில் வேறு ஆளை அனுப்பச் சொல்லி மையத்திலிருந்து குழுவுக்குக் கடிதம் போனது. ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ட்ரோன் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விட்டது.

கார்த்திகை மாதம் ஒரு நாள் மனசு பொறுக்காமல் துறையூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினி பஸ். வீடு பூட்டிக் கிடந்தது. பருத்திக் கொல்லைக்குப் போகச் சொன்னார்கள். வரப்பில் அவள் புருஷன் உட்கார்ந்து வாளியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். முதுகில் டேங்கோடு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, செடிக்கு நடுவே அவள் நின்றிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் டேங்கை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். "வாங்க மேடம், வாங்க. ஒரு போன் போட்டிருந்தா வீட்டுல இருந்திருப்பேனே" என்றாள். மோர் வாங்கி வர அவரை அனுப்பினாள். என் பிள்ளைகளை விசாரித்தாள், அடுத்த பேட்ச் எப்படி என்று கேட்டாள். நான் எதற்கு வந்தேனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? செருப்பு போட்டதுக்குத் திட்டுனீங்க. முந்தானைக்குத் திட்டுனீங்க. எதுக்கெடுத்தாலும் திட்டுனீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் மேடம் திட்டல? துடைச்சுட்டு நகத்தை வைடின்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

அப்போதுதான் சொன்னேன். எலுமிச்சையை, முதலாளியின் சிரிப்பை, என் செயினை, எல்லாவற்றையும். பொட்டை அழிக்கச் சொன்னால் என்னை வேற்றாளாக நினைப்பீர்களே என்று பயந்தேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கண்ணுக்கு முன்னால் இது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.



"எனக்கு அப்படித் தோணியிருக்கவே தோணியிருக்காது மேடம்" என்றாள். "பொட்டு வச்சதே நான்தானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானே துடைச்சிருப்பேன். உங்களைத் துடைக்கச் சொல்லியா கேட்டேன்? உங்க வார்த்தைக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

மோர் வந்தது, குடித்தேன். கலக்கின மருந்தை வைத்திருக்கக் கூடாது, அடித்து முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அவள் டேங்கை முதுகில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். வரிசைக்குள் இறங்கி நடந்தாள். திரும்புகிற இடத்தில் வலது பக்கத்துச் செடி தெரியாமல் அதன் மேல் காலை வைக்கப் போனாள்.

"வலது பக்கம் பாரு, வலது பக்கம்" என்று வரப்பிலிருந்து அவள் புருஷன் குரல் கொடுத்தார்.

நின்றாள். முழுத் தலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, காலை மாற்றி வைத்துப் போனாள்.