கீபோர்டுக்கு விட்ட எண்ணெய்

போன வருடம் சாரல் காலத்தில் நான் என் மருமகளின் கீபோர்டுக்கு எண்ணெய் விட்டேன். அதை மறைத்தேன். முதலில் பழியை மழையின் மேல் போட்டேன். பிறகு அது என் மைத்துனர் மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். எழுபத்திரண்டு வயதில் ஒருவன் தன்னைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல விஷயங்கள் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். இதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மகன் ராணுவத்தில், வடக்கே எங்கோ. எங்கே என்று அவன் சொல்வதில்லை. மருமகள் எங்களோடு இருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவள். மேற்கு அறையில் உட்கார்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை பார்த்துவந்தாள். பாதி நேரம் ஆங்கிலத்தில் புரோகிராம் எழுதுவாள். மீதி நேரம் அந்த புரோகிராம் திரையில் காட்டும் வாசகங்களைத் தமிழில் எழுதுவாள். லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி, வலது ஓரத்துக் கீகளும் கீழ் வரிசையும் செத்துப்போயின. தனியாக ஒரு கீபோர்டு வாங்க வேண்டியதாயிற்று. தென்காசியில் கடைக்காரர் எனக்குப் பழக்கம் என்பதால் நானும் போனேன்.

தமிழ் எழுத்து அச்சிட்டதாக இருக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

"அண்ணாச்சி, அத இங்கன யாரும் கேக்கதில்ல. ஸ்டிக்கர் இருக்கு, ஒட்டிக்கிடலாம். ரெண்டு மாசத்துல உரிஞ்சு வெரல்ல ஒட்டிக்கிடும்."

"வேண்டாம் மாமா, நான் கீயப் பாத்து அடிக்கதில்ல," என்றாள் மருமகள்.

"பெறகு எதப் பாத்து அடிக்க?"

"ஸ்கிரீனப் பாத்து."

அவள் தமிழ்99 முறையில் அடிக்கிறவள். அதில் ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ந இருக்கிறது. சதுர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் ச. அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் இல்லாமல் அவளுக்கு புரோகிராம் நடக்காது. ஆகவே மொழி மாறினாலும் வலது ஓரத்துக் கீகளுக்கு ஓய்வில்லை. இதையெல்லாம் அங்கேயே நின்றுகொண்டு எனக்கு விளக்கினாள். கைக்கு அடக்கமாக ஒரு சின்ன கீபோர்டு அழகாக இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். அதில் அம்புக்குறிகளுக்குத் தனிக் கீ கிடையாது, இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று தள்ளிவைத்துவிட்டாள். அதன் பிறகு நான் யோசனை சொல்லவில்லை.

கடைசியில் ஒரே அளவில் மூன்று இருந்தன. வித்தியாசம் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சில். சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தம் குறைவு. பிரவுன் நடுவில் லேசாகத் தடுக்கும். நீலம் தடுப்பதோடு டிக்கென்று சத்தமும் போடும். ஒவ்வொன்றிலும் ஒரு வரி புரோகிராமும் ஒரு வரி தமிழும் அடித்துப் பார்த்தாள். நீலத்தில் மட்டும் மூன்று வரி அடித்தாள்.

"மாத்தி மாத்தி அடிக்கும்போது இந்தச் சத்தம் கேட்டாத்தான் எழுத்து விழுந்துட்டுன்னு தெரியுது மாமா. இல்லன்னா ரெண்டு தடவ அழுத்திருதேன். ஒங்களுக்குத் தொந்தரவா இருக்குமா? நீங்க மத்தியானம் படுக்கது அடுத்த ரூம்லல்லா?"

"எனக்கென்னம்மா? ஆபீஸ்ல பன்னெண்டு டைப்ரைட்டர் நடுவுல இருந்தவன்."

டைப்ரைட்டர்கள் இரண்டு. நான் இருந்தது மாடியில்.

இரண்டு மாதம் பொறுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் படுக்கும் நேரத்தில்தான் அவளுக்கு வேலை சூடு பிடிக்கும். சாரல் தொடங்கியதும் என் மனைவியின் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து வந்தார். வருடா வருடம் வருவார். பத்து நாள் தங்குவார். காலையில் குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் உடம்பைக் கொடுத்து, அருவியில் குளித்துவிட்டு பதினோரு மணிக்கு பசியோடு திரும்புவார். முதல் நாளே என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன மாப்ள, உள்ள சோளம் பொரிக்கியளோ?"

"மருமக வேல பாக்கா மச்சான்."

"அந்தக் காலத்துல ஆபீஸே ஒம்மக் கண்டு நடுங்கும்பா என் தங்கச்சி. இப்ப ஒரு கீபோர்டு ஒம்ம வீட்ட விட்டு வெரட்டிரும் போலுக்கே."

அவர் ஊருக்குப் போகும்போது தேய்ப்பு எண்ணெய் பாட்டில் ஒன்றை அலமாரியில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடத்துக்காம். மூலிகை போட்டுக் காய்ச்சியது, மூட்டுக்கு நல்லது, மடக்கும்போது தன் முழங்காலில் கேட்ட சத்தம் அதில்தான் நின்றது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீபோர்டின் சத்தத்தைக் குறைப்பது எப்படி என்று யூட்யூபில் தேடினேன். ஒருவர் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதற்கென்றே விற்கும் மசகைச் சின்னத் தூரிகையால் தொட்டுவைத்தார். நாற்பது நிமிட வீடியோ. நான் நான்கு நிமிடம் பார்த்தேன். உராய்கிற இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்பது அதற்குள் புரிந்துவிட்டது. எண்ணெய் அலமாரியில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவியும் மருமகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பேனாவுக்கு மை ஊற்றும் சொட்டுக்குழாயை எடுத்துக்கொண்டு மேற்கு அறைக்குப் போனேன். விரல் பட்டுப் பட்டு மினுமினுத்த கீகளாகப் பார்த்து எண்ணெய் விட்டேன். ஒன்பது கீ. இடைவெளிக் கீயின் நீளத்தைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கூடுதல்.

சத்தம் குறைந்தது. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். "சாரல் அடிச்சதும் கீபோர்டு சத்தம் மந்தமாயிட்டுது அத்தை," என்று அவள் என் மனைவியிடம் சொன்னதை மறுநாள் கேட்டேன். அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு. அதே நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு. கிடைத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஒப்பந்தம் எப்போது முடியும் என்ற கவலை இல்லை. இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத ஆசைதான். காலண்டரில் அந்தத் தேதியை அவள் வட்டமிட்டிருந்தாள். அந்தக் காலண்டரில் தினமும் தாள் கிழிப்பவன் நான்.

மூன்று மணி நேரத் தேர்வு. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், எழுந்து போகக் கூடாது. கதவு சாத்தியிருந்தது. முதல் அரை மணி நேரம் வழக்கம்போல் சத்தம் கேட்டது. பிறகு ஒரே கீயைத் திரும்பத் திரும்பக் குத்துகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. வெளியே வந்தவள் என் மனைவியின் பக்கத்தில் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள்.

"அரப்புள்ளி விழவே இல்ல அத்தை. விழுந்தா நாலா விழுது. ஸ்பேஸ் கீ உள்ள போனா மேல வரல. லேப்டாப்புல அந்தக் கீயெல்லாம் முன்னமே செத்துப்போச்சு. மவுச வச்சு ஸ்கிரீன்ல ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டு அடிச்சேன். தமிழ்ப் பகுதிய ஆரம்பிக்கக்கூட முடியல."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"சாரல்தாம்மா," என்றேன். "இந்த ஈரத்துல அப்பளமே நமுத்துப் போவுது. கீபோர்டு எம்மாத்திரம்?"

முப்பத்தொரு வருடம் ஆபீஸில் சேத அறிக்கை எழுதியவன் நான். மழையால் என்று எழுதிவிட்டால் மேலே யாரும் கேள்வி கேட்பதில்லை. மழையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது.

அவள் நம்பினாள். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. ஜன்னலைத் திறந்துவைத்தது தன் தப்பு என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகினாள். ஊரே குளிரக் குளிர அருவிக்குப் போகும் காலத்தில் அடைத்த அறையில் வியர்த்துக்கொண்டு, அந்தக் கீபோர்டோடும் மவுசோடும் மல்லாடி வேலை பார்த்தாள். தேர்வாகவில்லை என்று பத்து நாளில் மெயில் வந்தது. மாதக் கடைசியில் ஒப்பந்தமும் முடிந்தது.

அதன் பிறகு மறுபடி கடைக்குப் போனோம். ரப்பர் வைத்த, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத கீபோர்டு ஒன்றைக் கேட்டாள். அதில் ஒரு வரிகூட அடித்துப் பார்க்கவில்லை. பழையதையும் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் ஒரு கீயைப் பிடுங்கி, விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது ஈரம் இல்ல. எண்ணெய். கீபோர்டக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போயித் தேச்சுவிட்டியளா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு பிரிண்டரைப் பார்த்தேன்.

"அத்தையோட அண்ணன்தான் மாமா," என்றாள் கொஞ்சம் யோசித்து. "ரயில் டிக்கெட் பாக்கணும்னு ஒருநா குளிக்காம வந்து எண்ணெய்க் கையோட கீபோர்டு முன்னால உக்காந்தாரு. நாந்தான் வேண்டாம்னு சொல்லல."

"இருக்கும்," என்றேன்.

அன்று சாயங்காலமே என் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"எம் முழங்கால்லதான தேச்சேன்? ஒம் மருமவ கீபோர்டுலயா தேச்சேன்? அன்னைக்கு ஈரத்துண்ட வச்சுக் கையத் தொடச்சிட்டுத்தான் தொட்டேன். சரி, நான் வாரதுதான் ஒங்களுக்குச் சங்கடம்னா, இனி லாட்ஜுல தங்கிக்கிடுதேன்."

"அப்படிச் சொல்லாதண்ணே."

"வேற எப்படிச் சொல்ல?"

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அவர் சாரலுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம், சோறு போட்டபின் சொன்னேன். சொட்டுக்குழாய், வெள்ளிக்கிழமை, ஒன்பது கீ, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் மனைவி ரசக் கரண்டியோடு நின்றாள்.

"ஒங்களுக்குத் தூக்கம் வரலன்னா சத்தமா இருக்குன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"சத்தம் ஒண்ணும் செய்யாதுன்னு கடையில வச்சு சொல்லிட்டேன்."

"நல்லாச் சொன்னிய."

மருமகள் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

"திங்கக்கிழம காலையிலயாவது சொல்லிருக்கலாம்லா மாமா," என்றாள். "பத்து மணிக்குக் கட தொறந்துருவாரு. பரிச்ச பதினொண்ணுக்குத்தான். போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துருப்பேன்."

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் அதுவரை நினைக்கவில்லை.

மைத்துனருக்கும் போன் செய்தேன்.

"மச்சான், அது நான்தான்."

அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைப்பது கேட்டது.

"எவ்வளவு விட்டீரு?"

"அரை பாட்டில் இருக்கும்."

"அடப்பாவி," என்றார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்த நிறுவனத்துக்கு நானே மெயில் எழுதினேன். தேர்வு கெட்டது என்னால், விண்ணப்பித்தவர் மேல் தவறில்லை, மறுபடி ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மருமகளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அனுப்புங்க," என்றாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. மறுதேர்வு நடத்த விதி இல்லை. அடுத்த முறை அறிவிக்கும்போது எல்லோரையும் போல் விண்ணப்பிக்கலாம். மரியாதையான கடிதம். நானும் இப்படி நிறைய எழுதியிருக்கிறேன்.

இப்போது அவள் திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்துக்குப் போகிறாள். காலை ஆறரைக்குப் பஸ். சாயங்காலம் ஏழரைக்குத்தான் திரும்பி வருவாள். முதல் மாதச் சம்பளத்தில் மறுபடி நீல ஸ்விட்ச் வைத்த கீபோர்டே வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த தேர்வுக்குப் படிக்கிறாள். நான் அந்த நேரத்தில் படுப்பதில்லை, முன்னறையில் உட்கார்ந்திருப்பேன்.

மேற்கு அறைக்கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் பூட்டும் போடச் சொன்னாள். ஆசாரி வந்து துளை போடும்போது கதவு ஆடாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள நக நட்டு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கீபோர்டு," என்றேன்.

அதற்கு ஏன் பூட்டு என்று அவர் கேட்கவில்லை. சாவி இரண்டு கொடுத்தார். இரண்டையும் மருமகளே வைத்திருக்கிறாள்.