செலின் அக்கா பெயர் எழுதிய கதவு

மதகடிப்பட்டில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தபோது கூட வேலை செய்யும் கலா போன் செய்தாள். "செலின் அக்கா போயிட்டாங்கடி. மூணு நாளு ஜுரம்தான்." வேன் வந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தேன்.

திருவாண்டார்கோயில் பக்கத்தில், ஓட்டல்களுக்கு எவர்சில்வர் அலமாரிகள் செய்யும் கம்பெனியில் நானும் செலின் அக்காவும் பாலிஷ் பிரிவில் ஒன்றாக இருந்தோம். அவரை அறிந்தவர்கள் நல்லதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் கெடுத்த ஒரு கதவையும் சொல்கிறார்கள். அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

பளபளப்பில்லாத மேட் தகட்டில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். கீறல் விழுந்தால், நனைத்த நைஸ் உப்புத்தாளை அந்தக் கோட்டின் போக்கிலேயே விளிம்புவரை இழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும். செலின் அக்கா இழுத்து முடித்தால், கீறல் இருந்த இடத்தை அவராலேயே காட்ட முடியாது. "கீறல தொரத்திக்கினு போவாதடி. கோடு போற பக்கம் போ" என்பார்.

என்னை வேலையில் நிரந்தரமாக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஏதோ நினைவில், கைக்குக் கிடைத்த முரட்டுத் தாளால், வீட்டில் பாத்திரம் விளக்குவதுபோல ஒரு கதவை வட்டமாகத் தேய்த்துவிட்டேன். சாய்ந்து பார்த்தால் வளையம் வளையமாகத் தெரிந்தது.

"இன்னாடி, கொழம்பு சட்டியா வெளக்கினே?" என்று சிரித்தார். சாப்பிடப் போகாமல் நைஸ் தாளை இழுத்துப் பார்த்தார். வளையங்கள் போகவில்லை. வேலை முடித்தவர் கதவின் உட்பக்கம் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். நான் மார்க்கரோடு நின்றேன். அதை வாங்கித் தன் பெயரை எழுதினார்.

சூப்பர்வைசர் கேட்டபோது, "நாந்தான் சார். கை தப்பிடுச்சி" என்றார்.

மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கடைசிவரை பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். ஒருமுறை, "சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "போடி. இப்ப சொன்னா ரெண்டு பேருக்கும் வேல பூடும்." எனக்கு அது வசதியாக இருந்தது.

இப்போது பேக்கரியிலும் லிஃப்டிலும் எவர்சில்வரைக் கண்டால் தலை தானாகச் சாய்கிறது. கண்ணுக்கு வளையங்கள் தெரிகின்றன. விரலால் தடவினால் இல்லை.

துக்க வீட்டிலும் சூப்பர்வைசர் சொன்னார்: "நல்ல கைங்க. அந்த ஒரு கதவுதான்." நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதை எழுதியதும் முதலில் அவருடைய கணவரிடம் படித்துக் காட்டினேன். "எங்கிட்டகூட அவ கைதான் தப்பிடுச்சின்னு சொன்னா" என்றார்.

இந்த வேலை அவர் எனக்கு விட்டுப்போனது. அவர் பெயரில் இருந்த தவறையும் இனி நானே வைத்துக்கொள்கிறேன். அந்தக் கதவைத் தேய்த்தது நான்.