மருதமுத்து அண்ணனின் பாட்டுப் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை நான் கிராமபோன் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்து ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பால்கார வேலு கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "அண்ணே, சேதி தெரியுமா? மருதமுத்து அண்ணன் விடியக்காலம் போயிட்டாரு. காய்ச்சல் எறங்கவே இல்லையாம்" என்றார்.

ஒருவர் இறந்துவிட்டார் என்று கேட்டால் 'ஐயோ' என்றுதான் வாயில் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம். "வெள்ளிக்கிழமை போட்டி இருக்கே!" என்றேன். வேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மருதமுத்து அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாயாவின் ஈப்போவில் பழைய கிராமபோன்களை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி விற்கும் தமிழர்கள் நாங்கள் இருவர்தான். அவர் கடை ரயிலடிப் பக்கம், என் கடை பசார் பக்கம். புது வீடு கட்டிய செட்டியார் ஒருவர் நல்ல பெட்டியாக ஒன்று வேண்டும் என்றார். எங்கள் இருவர் பெட்டியையும் அவர் வீட்டுக் கூடத்தில் வைத்து, ஒரே இசைத்தட்டைப் போட்டுக் கேட்டு, எது நன்றாகப் பாடுகிறதோ அதை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதுதான் அந்த வெள்ளிக்கிழமைப் போட்டி. என் பெட்டி மருதமுத்துவின் பெட்டியைவிட நன்றாகப் பாடுகிறது என்று நாலு பேர் முன்னிலையில் ஒருவர் சொல்லி என் காதால் கேட்க வேண்டும். பல வருஷமாக எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஜெயித்துவிடுவேன் என்ற நிச்சயம் முதல் தடவையாக வந்திருந்த நேரத்தில் மனிதர் கிளம்பிவிட்டார்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு லேலோங்கில், அதாவது ஏலத்தில். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார்கள் பலர் கப்பலேறிய காலம் அது. அவர்கள் பங்களாச் சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வரும். காம்பார் பக்கத்து ஈயச் சுரங்கத்தின் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நானும், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் புகைக்கூடத்து வேலையிலிருந்த அவரும் ஒரே பங்களா வாசலில் நின்றோம். இரண்டு பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஒன்று பளபளவென்று புதிதுபோல் இருந்தது. மற்றது பலகை வெடித்து, குழல் நசுங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. நான் விடாமல் கேட்டு நல்லதை எடுத்துவிட்டேன். அவர் நசுங்கிய பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "தம்பி மாப்பிள்ளைய எடுத்துட்டாரு. போகட்டும், நான் மாமனார எடுத்துக்கிறேன்" என்றார். கூட்டமே சிரித்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஏலக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அன்றைக்கே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

பிறகு இருவரும் வேலையை விட்டு ஈப்போவில் ஆளுக்கொரு கடை போட்டோம். மாப்பிள்ளை என் கடையில் மாதக்கணக்கில் குந்திக்கொண்டிருந்தார். மாமனார் ஒரே வாரத்தில் விலை போய்விட்டார்.

எப்படி விற்றார் என்று விசாரித்தேன். மருதமுத்து அண்ணன் கடையில் வைத்துப் பெட்டி விற்பதே இல்லையாம். வாங்குகிறவர் வீட்டுக்குத் தானே தூக்கிக்கொண்டு போவார். மூலைக்கு மூலை நின்று கை தட்டிப் பார்ப்பார். தகரக் கூரையை அண்ணாந்து பார்ப்பார், பலகைச் சுவரில் காதை வைப்பார், அரிசிப் பெட்டியை நகர்த்தச் சொல்வார். கடைசியில் ஓர் இடத்தில் பெட்டியை வைத்து, "இங்கதான் பாடும். இங்கருந்து நகத்தாதீங்கலா" என்பார். வீட்டுக்காரர்கள் குழந்தையைத் தொட்டிலில் போடுவதைப் பார்ப்பதுபோல் சுற்றி நிற்பார்கள்.

"எதுக்கு அண்ணே இந்தக் கூத்து?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெட்டி பாதி, வீடு பாதி தம்பி. நீங்க பாதிய மட்டும் வித்துட்டு வந்துடுறீங்க" என்றார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

கோப்பெங் பக்கத்துக் கங்காணி ஒருவர் என்னிடம் பெட்டி வாங்கினார். புது ஸ்பிரிங்கு, ஊசி மாட்டும் புது சவுண்டு பாக்ஸ், பல்சக்கரமெல்லாம் தேய்த்துச் சுத்தம் செய்து கொடுத்த பெட்டி. அதில் குறை சொல்ல ஒருவனாலும் முடியாது. அவர் அதைக் கொண்டுபோய் இரும்பு டிரங்குப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "ஆடு கத்துற மாதிரி இருக்குலா" என்று திரும்பத் திரும்ப வந்து நின்றார். நானும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக் கொடுத்தேன். பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தோட்டத்துக்குப் போன மருதமுத்து அண்ணன், டிரங்கின் மேல் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, குழலைப் பலகைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். அவ்வளவுதான். "மருதமுத்து கை வச்சாரு, பெட்டிக்கு உயிர் வந்துருச்சு" என்று கங்காணி தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கை வைத்தது சாக்கில். பெட்டியில் வைத்தது என் கை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் ஸ்பிரிங்கு அறுந்த பெட்டி வந்தால் அவர் என்னிடம்தான் கொண்டுவருவார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "இந்த வேலை எனக்கு இந்த ஜென்மத்துல வராது. உங்க கைதான் கை" என்பார்.

"இதைப் பசார்ல நாலு பேரு முன்னால சொல்லுங்களேன் அண்ணே."

"சொன்னா அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்?" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். ஒளிவு மறைவு கிடையாது. அதனால் அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. இது இன்னொரு எரிச்சல்.

நான் மலேரியாவில் படுத்துக் கிடந்தபோது என் கடையைத் திறந்து நடத்தியவரும் அவர்தான். தன் கடையை அந்த நேரத்தில் பூட்டிவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் என் பெட்டிகள் எல்லாம் விற்றுப் போயிருந்தன, மாப்பிள்ளையும் போய்விட்டிருந்தார். வந்த காசு அத்தனையையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, டீ குடித்த கணக்கையும் சொல்லிவிட்டுப் போனாராம். "எவ்வளவு நல்ல மனுஷன்!" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டிலும் அவர் பேர்தானா என்று நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

செட்டியார் வீட்டுப் போட்டிக்கு யோசனை சொன்னதும் அவரே. "ரெண்டு பெட்டியும் ஒரே கூடத்துல, ஒரே எடத்துல பாடட்டும். வீடு ஒண்ணுதானே, பெட்டி எதுன்னு தெரிஞ்சுரும்" என்று செட்டியாரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் ஆசை அவருக்குத் தெரிந்தே இருந்தது. அன்றிலிருந்து நான் ஒரு பெட்டியோடுதான் தூங்கி எழுந்தேன். அந்தப் பெட்டி பாடியதுபோல் இந்த ஊரில் எதுவும் பாடியதில்லை. இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

துக்க வீட்டுக்குப் போனேன். முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்குள் நுழைந்ததும் என் கண் தேடியது அவருடைய போட்டிப் பெட்டியைத்தான். மூலையில் இருந்தது. லேலோங்கிலிருந்து கொண்டுவந்தபோது கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. காய்ச்சலால் முடியாமல் போனதா, அல்லது என்னை ஜெயிக்க இது போதும் என்ற அலட்சியமா? பதில் சொல்ல வேண்டிய ஆள் உள்ளே வெள்ளைத்துணிக்கடியில் படுத்திருந்தார்.

அவர் மனைவி பாக்கியம் அண்ணி என்னைக் கண்டதும் அழுதுகொண்டே கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தேவாரம் பாடுற ஐயா ஊர்ல இல்லையாம். ஊருக்கெல்லாம் பாட்டுப் பெட்டி குடுத்தவர ஊமையா அனுப்பச் சொல்றீங்களா? வீட்டுல ஓடுற பெட்டி ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் வித்துட்டாரு."

நான் கடைக்குத் திரும்பிப்போய், போட்டிக்காக வைத்திருந்த பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். தேவார இசைத்தட்டைப் போட்டு, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினேன்.

வாசலில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோப்பெங்கிலிருந்து வந்திருந்த அதே கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தார்: "கேளுங்கய்யா! மருதமுத்து கை பட்ட பெட்டி எப்படிப் பாடுது பாருங்க!"

"ஆமாலா, வேற யாரால முடியும்?" என்றது இன்னொரு குரல். செட்டியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அண்ணியிடம் வந்தார். "போட்டியெல்லாம் இனி எதுக்கு ஆச்சி? இதுக்கு மேல ஒரு பெட்டி பாடிற முடியுமா? இதையே நான் எடுத்துக்கிறேன். பணத்த உங்க கையிலயே குடுத்துர்றேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியைக் கொண்டுவந்ததைப் பார்த்தவர் அவர். ஆனால் அண்ணனிடமிருந்து நான் பழுது பார்க்க வாங்கிப் போன பெட்டியோ என்ற ஒரு நம்பிக்கை அந்தக் கண்ணில் இருந்தது. "தம்பி, இது அவரு செஞ்சதுதானே?" என்று கேட்டார்.

நாலு பேர் முன்னிலையில், என் காதால், நான் கேட்க நினைத்த வார்த்தை அத்தனையும் கேட்டாகிவிட்டது. 'இது என் பெட்டி' என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். "ஆமா அண்ணி. அண்ணன் செஞ்சதுதான்" என்றேன்.

பெட்டி போனதில் எனக்கு வருத்தமில்லை. பேர் போனதே என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். செட்டியார் படித்தால் படிக்கட்டும், பாட்டு ஒன்றும் கெட்டுவிடாது. பாக்கியம் அண்ணிக்கு மட்டும் யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.

பாடையைத் தூக்கும்போது அண்ணி, "பாட்டு நிக்கக் கூடாது தம்பி" என்றார். அதனால் எல்லோரும் அண்ணன் பின்னால் நடந்துபோக, நான் மட்டும் பெட்டியருகே குனிந்து நின்று சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பாட்டு இழுபடவில்லை, தளரவில்லை.

போய் வாருங்கள் அண்ணே. வெள்ளிக்கிழமைப் போட்டியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அதுவும் என் பெட்டியை வைத்து.