ஐந்தே முக்கால் பவுண்டு துப்பாக்கி

ஃபெடோஸ்யாவின் வேலை மீன் எண்ணுவது. கோடியாக் தீவின் மேற்குப் பக்கத்து ஆறு ஒன்றில் கோடைதோறும் கம்பி வேலி கட்டி, நடுவில் ஒரு முழம் திறந்து விடுவார்கள். அந்தத் திறப்புக்கு மேலே பலகையில் குந்திக்கொண்டு, கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் ஒவ்வொன்றுக்கும் கையிலிருக்கும் கணக்கியை ஒரு தரம் அழுத்த வேண்டும். பத்தொன்பது கோடைகள் அழுத்திவிட்டாள். அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் விரிகுடாவில் படகுகள் வலை இறக்கலாமா கூடாதா என்று மீன்வளத் துறை முடிவு செய்யும்.

அவள் மீனுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான் கரடியும் காத்திருக்கும். கூடாரத்திலிருந்து வேலிக்கு இரண்டு மைல், தலைக்கு மேல் வளர்ந்த புல்லும் ஆல்டர் புதருமாக. ஆகவே துப்பாக்கி இல்லாமல் யாரும் அங்கே போகக்கூடாது; வசந்தத்தில் நடக்கும் தேர்வில் சுட்டுத் தேறாதவர் துப்பாக்கி தூக்கக்கூடாது. பன்னிரண்டு நொடி. பதினைந்து கஜத்தில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். கரடிக்கென்றே ஆன, ஒற்றை ஈயக்குண்டு போட்ட தோட்டா நான்கு. நான்கும் வட்டத்துக்குள் விழ வேண்டும். வாய்ப்பு இரண்டு.

முதல் வாய்ப்பை ஃபெடோஸ்யா போன வியாழக்கிழமை தொலைத்துவிட்டாள். நான்கில் ஒன்றுதான் வட்டத்துக்குள் விழுந்தது. ஒன்று மண்மேட்டில் புகுந்து புழுதி கிளப்பியது.

தப்பு அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. படகுத் தளத்தில் வழுக்கி விழுந்து வலது காறை எலும்பை உடைத்துக்கொண்டாள். டாக்டர் தகடு வைத்து ஆறு திருகு முடுக்கினார். அதன்பின் எட்டு பவுண்டு கனமுள்ள பழைய துப்பாக்கியை வாரோடு தோளில் மாட்டினால், கால் மைல் போவதற்குள் தகடு பல்வலி போலக் குத்தியது. மார்ச்சில் லெஸ்டர் கடைக்குப் போய், இருப்பதிலேயே லேசான பம்ப் துப்பாக்கி வேண்டும் என்றாள்.

லெஸ்டர் எதையும் விற்பவர், ஆனால் பொய் சொல்லி விற்க மாட்டார். ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் பின்கட்டை, குட்டைக் குழல், ஐந்தே முக்கால் பவுண்டு.

“தூக்கிப் பாருங்கம்மா. பூ மாதிரி இருக்கும்.”

தூக்கினாள். பூ மாதிரிதான் இருந்தது.

“இதையே குடுங்க.”

“குடுக்கறேன். ஒண்ணு கேட்டுக்கோங்க. சுமக்கறப்ப மிச்சம் பண்ற கனத்தை, சுடறப்ப தோள்ல வட்டியோட வாங்கிக்கணும். குண்டு போற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையில பாதியைத் தானே முழுங்கிக்கும். இது எலும்பும் தோலுமா இருக்கு, எதை முழுங்கும்?”

“வருஷத்துக்கு நானூறு மைல் சுமக்கறேன், லெஸ்டர். பத்தொம்பது வருஷத்துல கரடியை ஒரு தரம்கூட சுட்டதில்ல.”

“தேர்வுல சுடணுமே.”

“நாலே நாலு தோட்டாதான?”

அந்த நான்கு தோட்டாதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. தேர்வு நடத்துகிற ஹார்லன் முன்பு அவளுடைய ஆற்றிலேயே இரண்டு கோடை வேலை பார்த்தவன். முதல் தேர்வு முடிந்ததும் அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் தோட்டா அடைத்து, துப்பாக்கியை நீட்டி, “இன்னொரு தரம் சுடுங்கக்கா” என்றான். அவள் குறிவைத்து விசையை அழுத்தினாள். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. அவன் உள்ளே அடைத்திருந்தது மருந்தில்லாத போலித் தோட்டா. ஆனால் குழல்முனை, மீனைப் பார்த்த நீர்க்காகம் போலத் தரையை நோக்கிப் பாய்ந்தது.

“பாத்தீங்களா? உதை வரதுக்கு முன்னாடியே நீங்க உதைக்குப் பயந்து அமுக்கறீங்க.”

“பாத்தேன்டா. எல்லாரும்தான் பாத்தாங்க.”

“அடுத்த புதன்கிழமை இன்னொரு வாய்ப்பு இருக்குக்கா. அதுலயும் வரலன்னா…” ஹார்லன் தரையைப் பார்த்தான். “சியாட்டில்லேர்ந்து ஒரு ஆளு ரெடியா இருக்கான். ஆத்துக்குப் போற விமானம் சனிக்கிழமை கிளம்பிடும்.”

சியாட்டில்காரனுக்கு மூன்று வகை சால்மனையும் முதுகைப் பார்த்தே பிரிக்கத் தெரியுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. கேட்டு என்ன பயன்?

வீட்டில் அவளுடைய நாத்தனார் பரஸ்கா மீன் அடைத்த பிரோக் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபெடோஸ்யாவின் தோளைப் பார்த்தாள். தோள்மூட்டுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

“அண்ணி, இது தோள் இல்ல, புயம். துப்பாக்கியைப் புயத்துல வெச்சு யாராவது சுடுவாங்களா?”

“கட்டை நீளமா இருக்குடி. கை எட்டல.”

“அதைக் கடையிலயே பாத்திருக்கலாம்ல?”

“கனத்தைப் பாத்தேன்.”

“கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோட மூக்கை மட்டும் பாத்த கதையா இருக்கு.”

“அந்த மூக்கு உங்க அண்ணனோடதுதான்டி.”

மறுநாள் காலையில் லெஸ்டரின் கடையில் பின்கட்டையிலிருந்து ஒன்றரை அங்குலம் அறுத்தார்கள். முனையில் தடித்த ரப்பர் மெத்தை ஒட்டினார்கள். இப்போது கட்டை காறை எலும்புக்குக் கீழே, தோளும் மார்பும் சேரும் குழியில் போய் உட்கார்ந்தது. தகட்டில் படவில்லை. மருந்து குறைத்த தோட்டாக்களையும் லெஸ்டர் கொடுத்தார். தேர்வு விதியில் அதற்குத் தடையில்லை.

“பின்னால சாயாதீங்க,” என்றார் அவர். “காத்துக்கு எதிரா நடக்கற மாதிரி முன்னால குனிஞ்சு நில்லுங்க. இடது கை முன்பிடியை முன்னால தள்ளணும், வலது கை கட்டையைப் பின்னால இழுக்கணும். ரெண்டு பேரு ஒரு துணியை முறுக்கிப் பிழியற மாதிரி. உதையில பாதி அந்த இழுபறியிலயே செத்துடும். சுட்டதும் முன்பிடியைக் கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ளுங்க. பாதியில விட்டா அடுத்த தோட்டா உள்ள சிக்கிடும்.”

கட்டை சரியாயிற்று, பயம் அப்படியே இருந்தது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் பரஸ்கா. கடையில் விற்கும் போலித் தோட்டா ஆரஞ்சு நிறம், ஓரக்கண்ணில் பட்டாலே தெரிந்துவிடும். ஆகவே சுட்டுத் தீர்ந்த சிவப்புக் கூடுகள் ஐந்தை எடுத்து, ஈயத்துண்டும் மெழுகும் அடைத்து, வாயை மடித்தாள். நிறத்திலும் கனத்திலும் உண்மைத் தோட்டாவே தோற்றது. பித்தளைப் பின்புறத்தைத் திருப்பினால் மட்டும் நடுவில் முன்பு சுட்டபோது துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் தெரியும்.

ஞாயிறும் திங்களும் செவ்வாயும் கல்குவாரிக்குப் போனார்கள். பரஸ்கா முதுகைக் காட்டி நின்று, நிஜமும் போலியும் கலந்து அடைத்துக் கொடுப்பாள். எது வெடிக்கும், எது டிக் என்னும் என்று ஃபெடோஸ்யாவுக்குத் தெரியாது. முதல் நாள் ஒவ்வொரு டிக்குக்கும் குழல் குனிந்தது. “கும்பிடு போடறீங்க அண்ணி!” என்று பரஸ்கா கத்தினாள். இரண்டாம் நாள் பாதி குறைந்தது. செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. கோட்டு கொண்டுவராத பரஸ்கா, ஃபெடோஸ்யாவின் கான்வாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அதன் பையிலிருந்தே அடைத்தாள். அன்று கடைசி பதினொரு தடவையில் கும்பிடு ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை தேர்வுத் திடலில் காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஃபெடோஸ்யா தன் கான்வாஸ் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். கோடு போட்ட இடத்தில் நின்றாள். இடது பையில் கை விட்டாள். ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: அடைக்கும் முன் ஒவ்வொரு தோட்டாவையும் உள்ளங்கையில் கவிழ்த்துப் பின்புறம் பார்ப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இன்று தான் தயங்குவதாக ஹார்லன் நினைத்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் நான்கையும் ஒரே ஓட்டமாக உள்ளே தள்ளிவிட்டாள்.

“ரெடியாக்கா?”

“ம்.”

விசில் ஊதினான்.

முன்னால் குனிந்தாள். தள்ளினாள், இழுத்தாள், விசையை அழுத்தினாள்.

டிக்.

ஒரு கணம் காற்றுகூட நின்றது போலிருந்தது. குழியில் உட்கார்ந்த கட்டை, வட்டத்தின் நடுவில் நின்ற குழல், பின்னால் யாரோ மூச்சை இழுத்த சத்தம். போலி உள்ளே வந்துவிட்டது. இனி மூன்றுதான் இருக்கிறது. நான்கு வேண்டும்.

கை தானாக முன்பிடியை இழுத்தது. சிவப்புக் கூடு எகிறி விழுந்தது. சுட்டாள். கடைசிவரை இழு, கடைசிவரை தள்ளு. சுட்டாள். தோள் வலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுட்டாள். இழுத்துத் திறந்தே வைத்தாள். இடது கையைப் பைக்குள் விட்டாள். இரண்டு தோட்டா தட்டுப்பட்டன. ஒன்றைப் பிடித்து, இந்த முறை, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதைக் கவிழ்த்துப் பின்புறத்தைப் பார்த்தாள். வழவழப்பான பித்தளை. பள்ளமில்லை. பக்கவாட்டுத் திறப்பில் போட்டாள், அறைந்து மூடினாள், குனிந்தாள், சுட்டாள்.

ஹார்லன் கடிகாரத்தை நிறுத்தினான். இலக்கு அட்டை வரை நடந்து போய்த் திரும்பி வந்தான். வழியில் குனிந்து வெடிக்காத கூட்டைப் பொறுக்கினான். திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, இது சுட்ட கூடு.”

“ஆமாண்டா.”

“இதை நீங்க ஆத்தங்கரையில அடைச்சிருந்தா?”

“தெரியும்.”

“பையைக் கவுத்துக் காட்டுங்க.”

கவிழ்த்தாள். ஒரு தோட்டா, ஒரு பேனாக்கத்தி, பாதி கடித்த உலர்மீன் துண்டு. ஹார்லன் அந்தத் தோட்டாவின் பின்புறத்தையும் பார்த்து, போலியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கவனமில்லாமல் அடைத்தவள் என்று ஒரு வரி எழுதினால் போதும், சனிக்கிழமை விமானத்தில் வேறொருவன் உட்காருவான்.

“பதினொண்ணரை நொடி,” என்றான். “நாலு ஓட்டை. நாலும் உள்ள. விதியில அவ்வளவுதான் கேக்குது.”

“நீ என்ன கேக்கற?”

அவன் படிவத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்தான்.

“அடைச்சது தப்பு. அதை நான் எழுதத்தான் போறேன். மேல இருக்கறவங்க படிக்கட்டும். ஆனா டிக்குன்னு வந்தப்ப குழல் ஒரு மயிரிழைகூட ஆடலக்கா. அதையும் எழுதறேன்.” கையெழுத்துப் போட்டான். “சனிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பிடும். தாமதமாச்சுன்னா பைலட் நிக்கமாட்டாரு.”

சாலையோரம் பழைய வண்டியில் பரஸ்கா மடியில் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போலித் தோட்டா நான்குதான் இருந்தன.

“அண்ணி, ஒண்ணு காணோம். நேத்து உங்க கோட்டுல… அய்யோ, நான்தான்…”

“இந்தா,” என்று ஐந்தாவதை ஃபெடோஸ்யா அவள் மடியில் போட்டாள். “வீட்டுக்குப் போனதும் அஞ்சையும் பிரிச்சு மெழுகைச் சாமி விளக்குக்கு ஊத்து. அழாதடி, நான் போறேன்.”

“எங்க?”

“ஆத்துக்கு.”

சனிக்கிழமை மிதவை விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கிய பிறகும் அவள் ஏறவில்லை. படகுத்துறைப் பலகையில் மண்டியிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பது. பைலட் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார்.

“முப்பத்தொண்ணு,” என்றாள் ஃபெடோஸ்யா, தலை நிமிராமல். “நில்லுங்க. இன்னும் ஒம்பது இருக்கு.”